மர்ம ஒளி இல்லை, சாட்டிலைட்

ஆசிரியர் அவர்களுக்கு,

'வானில் மர்ம ஒளி, பொதுமக்கள் அச்சம்' என்று நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். முத்துமாலை மாதிரி வரிசையாக விளக்குகள் சத்தமே இல்லாமல் நகர்ந்து போனதாகப் பார்த்தவர் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை, செய்தி எழுதியவர்தான் ஒரு போன் போட்டு விசாரிக்காமல் விட்டுவிட்டார். அது ஸ்டார்லிங்க், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணைய வசதிக்காக விடுகிற சாட்டிலைட் கூட்டம். ஒரே ராக்கெட்டில் டஜன் கணக்கில் ஏற்றிக்கொண்டு போய் மொத்தமாக இறக்கிவிடுகிறார்கள், முதல் சில நாட்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகும், அப்புறம் ஒவ்வொன்றும் மெல்ல உயரம் ஏறிப் பிரிந்துவிடும். 2019 மே மாதத்தில் முதன்முதலாக 60 சாட்டிலைட் ஒன்றாகப் போனதிலிருந்து ஊர் பெயரை மட்டும் மாற்றி இதே செய்தி வந்துகொண்டிருக்கிறது.

சாட்டிலைட்டில் விளக்கு எரிவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நாம் பார்ப்பது அதன் மேல் படுகிற வெயில். நமக்கு இருட்டிவிட்டாலும் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற அதற்கு இன்னும் சூரியன் மறையவில்லை. அதனால்தான் பொழுது சாய்ந்த ஓரிரண்டு மணி நேரமும் விடிவதற்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரமும்தான் இவை அதிகம் கண்ணில் படும்.

சர்வதேச விண்வெளி நிலையம் கடப்பதை ஒருமுறையாவது முழுசாகப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சாயங்காலம் மேற்குப் பக்கம் அடிவானத்தில் மங்கலாகக் கிளம்பும், தலைக்கு மேல் வரும்போது எந்த நட்சத்திரமும் கிட்டே நிற்க முடியாத பிரகாசம், சிமிட்டல் கிடையாது, ஒரே சீரான ஓட்டம். மொத்தம் ஐந்தாறு நிமிடம்தான். ஆனால் பெரும்பாலும் கிழக்கே இறங்குகிற வரை அது தாங்காது, பாதி வானத்திலேயே லேசாகச் செம்மை தட்டி, மங்கி, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மேகம் மறைக்கவில்லை, பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது. அந்த அணைவதைப் பார்க்கத்தான் நான் மாடி ஏறுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிற அதற்குள் 2000 நவம்பரிலிருந்து ஆட்கள் இல்லாத நாளே இல்லை.

மற்றவற்றையும் கொஞ்சம் பழகினால் பிரித்துவிடலாம். சிவப்பு, பச்சை விளக்கோடு விட்டுவிட்டு மின்னினால் விமானம். சில நொடிக்கு ஒருமுறை கூடிக் குறைந்து போனால் அனேகமாகக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே சுற்றுகிற பழைய ராக்கெட் துண்டு. (1957இல், உலகின் முதல் சாட்டிலைட்டான ஸ்புட்னிக் போகிறது என்று பலர் வெறுங்கண்ணால் பார்த்ததும் அதன் ராக்கெட்டைத்தான், குட்டி ஸ்புட்னிக் அவ்வளவு எளிதில் தெரியாது.) ஒரு நொடி, இரண்டு நொடியில் கீறிவிட்டு மறைந்தால் எரிகல்.

நானும் ஏமாந்தவன்தான். ஒரு நாள் தனியாக நின்ற நட்சத்திரம் ஒன்று மெல்ல அசைகிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டேன், அவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இருட்டில் ஒற்றைப் புள்ளியையே உற்றுப் பார்த்தால், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால், அது நகர்வதாகவே கண்ணுக்குத் தோன்றும். சுவர் விளிம்போடு சேர்த்து வைத்துப் பார்த்ததும் குட்டு உடைந்தது. அசையவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தினமும் சூரிய உதயம், அஸ்தமனம் போடுகிறீர்கள் அல்லவா, அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: இன்று விண்வெளி நிலையம் தெரியுமா, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் கிளம்பும். நாசா இதை ஊர்வாரியாக இலவசமாகவே தருகிறது, எடுத்துப் போட ஐந்து நிமிடம் ஆகாது. ஸ்டார்லிங்க் புதிதாக ஒரு தொகுதி போனால் அந்த வாரம் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இடம் இல்லை என்பீர்கள். மர்ம ஒளிக்கு நாலு பத்தி இருந்ததே!

இப்படிக்கு,
மாடியிலிருந்து ஒரு வாசகர்