நாகை வாசலுக்குப் பின்னால் காத்தாடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஸ்காட்லாந்தின் ஃபைரிஷ் மலை பற்றிய கட்டுரையை, நாகப்பட்டினத்துக்காரன் என்பதால் இரண்டு முறை படித்தேன். 1781-இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகையைப் பிடித்த பிரிட்டிஷ் தளபதி சர் ஹெக்டர் மன்ரோ, அதன் வாசலைப் போல ஒன்றைத் தன் ஊர் மலையுச்சியில் கட்டவைத்தார் என்பது வரை சரி. படத்தில்தான் குறை. கடலைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். வடமேற்கே திரும்பினால் வரிசையாகக் காற்றாலைக் காத்தாடிகள். போன ஜூனில் மகள் வீட்டுக்குப் போனபோது நானும் அங்கே ஏறினேன்.

மின்வாரியத்தில் வேலை பார்த்தவன் நான். கடைசி ஒன்பது வருடம் ஆரல்வாய்மொழி காற்றாலைகளில். சும்மா இருக்க முடியுமா? மறுநாளே மருமகனைக் கூட்டிக்கொண்டு அந்த நோவார் காற்றாலைக்கு நடந்தேன். 1997-இல் முதலில் நட்டவை 34 காத்தாடிகள். கேட்டில் வண்டிகளுக்குப் பூட்டு, நடப்பவர்களுக்குப் பக்கத்தில் சின்னக் கதவு. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒழுங்காக நடந்துகொள்கிற யாரும் அந்த மலைகளில் நடக்கலாமாம். ஆரல்வாய்மொழியில் நான் எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன்! இறக்கையிலிருந்து பனிக்கட்டி விழும், ஜாக்கிரதை என்று ஒரு பலகை வேறு.

மருமகனுக்குக் காத்தாடிகளைப் பிடிக்காது. மலையின் அமைதியே போச்சு என்றார். எனக்கோ அந்த உஷ் உஷ் சத்தம் பழைய ஆபீசுக்குத் திரும்பிய மாதிரி இருந்தது. வாதாடிக்கொண்டே போனவன், பாதையோரம் வெட்டுப்பட்டிருந்த மண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மேலே இலவம்பஞ்சுக் குஞ்சம் கட்டிய புல். கீழே இடுப்பு உயரத்துக்குக் கன்னங்கரேலென்று மண். பீட் என்கிறார்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் துணி பிழிந்த மாதிரி தண்ணீர். நடுவே ஏதோ மரத்தின் வேர், நேற்று வெட்டியது போல. பாசி மக்காமல் படிந்து படிந்து உண்டாகிற மண் அது; ஒரு மீட்டர் சேர ஏறக்குறைய ஆயிரம் வருடம். சாலைக்கும் அஸ்திவாரத்துக்கும் அதைத் தோண்டினால் தண்ணீர் வடியும், காற்றுப் படும், உள்ளே அடைந்து கிடக்கிற கரியெல்லாம் கரியமில வாயுவாகக் கிளம்பும். காத்தாடியில் மிச்சம் பிடிப்பதைப் பாதையில் விடுகிற கணக்கு. பீட் ஆழமாக இருக்கிற இடங்களில் தோண்டாமல், துணி விரித்து அதன்மேல் கல் பரப்பி, மிதக்கிற மாதிரி சாலை போடும் முறையும் இருக்கிறது. எனக்குச் சோறு போட்டது காத்தாடி. வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனி யாராவது காற்றாலையைப் பற்றிப் பேசினால், சாலை எப்படிப் போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

அந்த வாசலும் தானாக முளைத்ததல்ல. வேலையில்லாத ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கவே கட்டியதாகவும், வேலை நீளட்டும் என்று மன்ரோவே கற்களைத் திரும்பக் கீழே உருட்டிவிட்டதாகவும் அங்கே கதை சொல்கிறார்கள். அதைப் படம் எடுக்க இன்று கூட்டம்.

அடுத்த முறை காத்தாடிகளும் தெரிகிற படத்தைப் போடுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. மருமகனின் தலைதான் கொஞ்சம் மறைக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்,
நாகப்பட்டினம்.