எந்த முறை என்று பிள்ளைகளே யோசிக்கட்டும்

பிளஸ் ஒன் கணக்குக்குப் பயிற்சித் தாளும் திருப்புதல் தேர்வுத் தாளும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தொகையிடலுக்கு (இன்டெக்ரேஷன்) நீங்கள் தந்த பயிற்சித் தாளைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு பக்கம் முழுக்க, கணக்கின் ஒரு பகுதியை யு என்று மாற்றி வைத்துப் போடும் ‘பிரதியிடல் முறை’. அடுத்த பக்கம் முழுக்க, பெருக்கலாக நிற்கும் இரண்டு சார்புகளைப் பிரித்துப் போடும் ‘பகுதித் தொகையிடல்’. முறையைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் பிள்ளை யோசிக்க என்ன மிச்சம்?

திருப்புதல் தேர்வில் எக்ஸையும் ஈ அடுக்கு எக்ஸ் வர்க்கத்தையும் பெருக்கித் தொகையிடச் சொல்லியிருந்தீர்கள். தலைப்பு இல்லை. என்னிடம் மாலையில் படிக்க வரும் பெண், நன்றாகப் படிப்பவள், பெருக்கல் இருக்கிறதே என்று பகுதித் தொகையிடலில் இறங்கிவிட்டாள். இரண்டில் எதை யு என்று எடுப்பது என்று சொல்லும் ஐலேட் விதிப்படி எக்ஸை யு என்று வைத்தாள். மீதி நின்றது ஈ அடுக்கு எக்ஸ் வர்க்கம். அதைத் தனியாகத் தொகையிட்டால் நமக்குத் தெரிந்த சார்புகளால் விடை எழுதவே முடியாது. 19ஆம் நூற்றாண்டிலேயே லியூவில் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிறுவிய விஷயம் இது. முடியாத ஒன்றோடு ஒரு பக்கம் போராடிவிட்டு, “எனக்குக் கணக்கு வராது சார்” என்று அழுதாள். எக்ஸ் வர்க்கத்தை யு என்று வைத்திருந்தால் இரண்டே வரி. அதன் வகைக்கெழுவுக்கு (டெரிவேட்டிவ்) வேண்டிய எக்ஸ் வெளியிலேயே நிற்கிறது. அவளுக்கு இரண்டு முறையும் தெரியும். எதை எடுப்பாய் என்று மட்டும் யாரும் அவளைக் கேட்டதில்லை.

வகைக்கெழு காணும் வகையிடலில், அதாவது தொகையிடலுக்கு நேர் எதிரானதில், விதிகளை வரிசையாகப் போட்டால் விடை வந்துவிடும். தொகையிடல் அப்படியில்லை. உள்ளே இருப்பதன் வகைக்கெழு வெளியே இருக்கிறதா, பின்னத்தின் கீழே இருக்கும் பகுதியைக் காரணிப்படுத்த முடியுமா என்று தேடுவதுதான் பாதிப் பாடம். அதனால்தான் கேட்கிறேன்: தலைப்பை எடுத்துவிட்டு, எல்லா முறைக் கணக்குகளையும் கலந்து கொடுங்கள்.

இன்னொன்று. சைனையும் காஸையும் பெருக்கிய கணக்குக்கு ஒரு பையன், கழித்தல் குறியோடு காஸ் வர்க்கத்தில் பாதி என்று எழுதி, தொகையிடல் விடையோடு சேர்க்க வேண்டிய மாறிலியையும் சேர்த்திருந்தான். விடைக்குறிப்பில் இருப்பது சைன் வர்க்கத்தில் பாதி. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் அரை. அது மாறிலிக்குள் அடங்கிவிடும். அவனுக்குப் பூஜ்யம். வகையிட்டுச் சரிபார்க்க அரை நிமிடம் ஆகாதா?

புத்தகக் கணக்கை மனப்பாடம் செய்து நூறு வாங்கும் பிள்ளை, நுழைவுத் தேர்வில் திகைத்து நிற்கிறது. அப்புறம் பெற்றோர் கடன் வாங்கிக் கோச்சிங்கில் சேர்க்கிறார்கள். இதெல்லாம் வகுப்பிலேயே கிடைத்திருக்க வேண்டியது.

குரல் உயர்ந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைப்பளு தெரியும். முதலில் முறைவாரியாகப் பழக்குவதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த தாளில் ஒரு பக்கமாவது தலைப்பில்லாமல் கலந்து கொடுங்கள். முழுக்கப் போட வேண்டாம், எந்த முறை, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்னால்கூடப் போதும். சரியான விடை எந்த வழியில் வந்தாலும் மதிப்பெண் கொடுங்கள். தயவுசெய்து அடுத்த திருப்புதலுக்கு முன் இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒருவன்