வெப் தொலைநோக்கிக்கு முன்மொழிவு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு முன்மொழிவு எழுதுகிறவர்கள், அதைத் தயாரித்து அனுப்ப உதவும் ஏபிடி (APT) மென்பொருளை இப்போதே இறக்கிக்கொள்ளுங்கள். ஹப்புளுக்கு முதலில் சுருக்கமாக அனுப்பி, தொலைநோக்கி நேரம் ஒதுக்கப்பட்ட பிறகு முழு விவரம் தரலாம். வெப்புக்கு அப்படி இல்லை. கருவி, வடிகட்டி, டிதர் (படங்களுக்கு இடையே நோக்கும் இடத்தைச் சற்று நகர்த்துவது) எல்லாமே அனுப்பும்போதே நிரம்பியிருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஒளியைப் பதிய வேண்டும் என்று எக்ஸ்போஷர் டைம் கால்குலேட்டரில் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின் அடையாள எண்ணை ஏபிடியில் குறியுங்கள். அப்புறம் ஏபிடியில் உள்ள விசிட் பிளானரை ஓட்டிப் பாருங்கள், இதை மட்டும் விட்டுவிடவே வேண்டாம். சூரியனிலிருந்து 85 முதல் 135 பாகைக்குள் இருக்கும் வானத்தைத்தான் வெப் பார்க்க முடியும். உங்கள் இலக்கு எந்த நாட்களில் கிடைக்கும் என்பது அங்கேதான் தெரியும். நோக்குநிலைக் கோணத்தை (வானத்தில் கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதை) தேவையில்லாமல் இறுக்கினால் அந்த நாட்களும் சுருங்கிவிடும். ஏபிடியிலேயே இருக்கும் ஸ்மார்ட் அக்கவுண்டிங்கையும் ஓட்டுங்கள். தொலைநோக்கியைத் திருப்புவதற்கென்று கூடுதலாகச் சேர்ந்த நேரம் கழியும்.

முன்மொழிவோடு இணைக்கும் பிடிஎஃப்பில் உங்கள் பெயரோ நிறுவனமோ, 'எங்கள் முந்தைய ஆய்வில்' போன்ற சொற்களோ வேண்டாம். மதிப்பிடுகிறவர்களுக்கு நாம் யாரென்று தெரியக் கூடாது.

கெடு முடியும்வரை திருத்தித் திருத்தி மறுபடி அனுப்பலாம். அதனால் ஒரு பதிப்பை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஏபிடியில் சிவப்புப் பிழைக்குறி விழுந்தால் அதைப் படமெடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.