"எனர்ஜெட்டிக் டிஸ்அசெம்பிளி"ன்னா பிரிவு இல்ல, வெடிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஹெவி மெட்டல் பத்தி முழுப்பக்க கட்டுரை ஒண்ணு போட்டிருந்தீங்க. தமிழ் பேப்பர்ல த்ராஷ் மெட்டல்ங்கற (ரொம்ப வேகமா, முரட்டுத்தனமா வாசிக்கற மெட்டல் வகை) வார்த்தைய பாத்ததே எனக்கு பெரிய சந்தோஷம், அந்த பக்கத்த வெட்டி எடுத்து வச்சிருக்கேன், அதனால இத திட்டி எழுதற லெட்டர்னு நெனச்சுக்காதீங்க. ஆனா கடைசி பத்தில வாட்ச்டவர்னு ஒரு பேண்ட் பத்தி மொத்தமே ரெண்டு வரிதான் இருந்துச்சு, ரெண்டுமே தப்பு. 90கள்ல ஃப்ளோரிடால கிளம்புன டெக்னிக்கல் மெட்டல் (சிக்கலான தாளமும் வாசிப்பும் உள்ள மெட்டல்) அலைல இவங்களும் சேந்துகிட்டாங்கன்னு ஒரு வரி. அவங்க முதல் ஆல்பமான "எனர்ஜெட்டிக் டிஸ்அசெம்பிளி"யோட பேர "உற்சாகமான பிரிவு"ன்னு தமிழ்ப்படுத்தி, ஏதோ பேண்ட் உடைஞ்சு போறத பத்தின ஆல்பம்ங்கற மாதிரி இன்னொரு வரி.

மொதல்ல வருஷக் கணக்க சொல்லிடறேன். வாட்ச்டவர் 1982ல அமெரிக்காவுல டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டின் ஊர்ல ஆரம்பிச்ச பேண்ட். பாட்டுக்கு ஜேசன் மெக்மாஸ்டர், கிட்டார் பில்லி வைட், பேஸ் (கனமான கீழ் சுரம் வாசிக்கற கிட்டார்) டக் கைசர், டிரம்ஸ் ரிக் கொலலூகா, இவ்ளோதான், நாலு பேர். "எனர்ஜெட்டிக் டிஸ்அசெம்பிளி" வந்தது 1985ல. எந்த கம்பெனியும் எடுத்து போடல, ஸோம்போ ரெக்கார்ட்ஸ்னு பேர் வச்சு அவங்களே வெளியிட்டாங்க. இப்ப அந்த 1985ங்கறது என்ன காலம்னு யோசிச்சு பாருங்க, த்ராஷ்ல பெரிய பேரான மெட்டாலிகாவோட "மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்" இன்னும் வரல, அது 1986, ஸ்லேயரோட "ரெய்ன் இன் பிளட்"டும் 1986 தான், மெகாடெத் அப்பதான் முதல் ஆல்பம் போட்டிருக்கு, எல்லாரும் எவ்ளோ வேகமா வாசிக்கலாம்னு ஓடிகிட்டு இருந்த நேரம். நீங்க சொன்ன ஃப்ளோரிடா கதை இருக்கே, ஏதீஸ்ட் பேண்டோட "அன்க்வெஸ்சனபிள் பிரசன்ஸ்" 1991, டெத் பேண்டோட "ஹ்யூமன்" 1991, சினிக் பேண்டோட "ஃபோகஸ்" 1993. ஆறு வருஷம் எட்டு வருஷம் முன்னாடியே வேலைய முடிச்சவங்கள பின்னாடி வந்து சேந்துகிட்டாங்கன்னு எழுதினா எப்படிங்க? ஃப்ளோரிடாக்காரங்கள நான் கொறச்சு சொல்லல, அந்த மூணு ஆல்பமும் எனக்கு உயிர். அவங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க காட்டுல தனியா பாதை வெட்டிகிட்டு இருந்தாங்கங்கறத மட்டும்தான் சொல்றேன்.

அந்த ஆல்பத்துல இருக்கறது எட்டு பாட்டு. அத எப்படி விளக்கறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். சாதாரணமா ராக், மெட்டல் எல்லாம் நாலு நாலா எண்ணிகிட்டு தலைய ஆட்டலாம், நம்ம ஆதி தாளம் மாதிரி எங்க விட்டாலும் திரும்ப வந்து சேந்துக்கலாம். இதுல ஒரு இடத்துல அஞ்சு, அடுத்து ஏழு, அப்பறம் நாலு வந்துடுச்சுன்னு நீங்க நிமிர்றதுக்குள்ள மறுபடி மாறிடும். கண்ட சாபு, மிஸ்ர சாபுன்னு கேட்டு வளந்த காதுக்கு அஞ்சும் ஏழும் புதுசில்ல, ஆனா கச்சேரில ஒரு தாளத்த எடுத்தா அந்த உருப்படி முடியற வரைக்கும் அதுலதான் நிப்பாங்க, இங்க ஒரே பாட்டுக்குள்ள அத்தனை தடவ மாறும், அதுவும் த்ராஷ் வேகத்துல. வாட்ச்டவர்காரங்களுக்கு ரஷ்ங்கற கனடா ராக் பேண்ட் மேல இருந்த பிரியம் நல்லாவே தெரியும், ஆனா ரஷ் நிதானமா போற பாதைல இவங்க தலைதெறிக்க ஓடுவாங்க.

பேஸ் பத்தி தனியா சொல்லியே ஆகணும். அந்த கால த்ராஷ் ஆல்பம் பலதுல பேஸ் கேக்கவே கேக்காது, கிட்டாருக்கு அடில எங்கயோ புதைஞ்சு கிடக்கும். இதுல கிட்டாரிஸ்ட் ஒரே ஆள், அதனால டக் கைசர் அவருக்கு பின்னாடி நிக்காம பக்கத்துலயே ஓடறாரு, சில இடத்துல கிட்டார் ஒண்ணு சொல்ல பேஸ் வேற ஒண்ணு சொல்ல டிரம்ஸ் மூணாவதா ஒண்ணு சொல்லிகிட்டு போய் கடைசில மூணும் ஒரே அடில வந்து விழும், அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு இன்னிக்கும் மயிர்க்கூச்செறியுது. குறையும் இருக்கு, மறைக்கல. சவுண்ட் மெலிசா இருக்கும், ரெக்கார்டிங்ல பெரிய பட்ஜெட் இல்லங்கறது முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சிடும், மெக்மாஸ்டரோட கீச்சுக்குரல் நெறைய பேருக்கு புடிக்காது. எனக்கு புடிக்கும். அந்த பதட்டம் வேற குரல்ல வராது.

நான் இத மொதல்ல கேட்டது காலேஜ் ஹாஸ்டல்ல, 2003ல. சீனியர் ஒருத்தர் எம்பி3 போட்ட சிடி கொண்டு வந்திருந்தாரு, அதுல ஃபோல்டர் பேரு கூட சரியா இல்ல. அப்ப நான் டிரம்ஸ் கத்துகிட்டு இருந்தேன், கல்ச்சுரல்ஸ்ல வாசிக்கற அளவுக்கு கை ஓடும். "மெல்ட்டவுன்" பாட்ட எடுத்து வச்சுகிட்டு ரெண்டு மாசம், நோட்டுல கோடு போட்டு கோடு போட்டு ஒவ்வொரு அடியா எண்ணி எழுதினேன். முழுசா வாசிக்க வரல. ஆனா அந்த ரெண்டு மாசத்துல நான் கத்துகிட்டத வேற எந்த கிளாஸ்லயும் கத்துக்கல, தாளம்ங்கறது வேலி இல்ல, அது வாய் திறந்து பேசற ஒண்ணுன்னு அப்பதான் எனக்கு புரிஞ்சுது. அந்த "மெல்ட்டவுன்" ஆல்பத்துக்கும் முன்னாடியே, 1983ல டெக்ஸாஸ் பங்க் (எளிமையா, ஆவேசமா வாசிக்கற ராக் வகை) பேண்டுகள சேத்து போட்ட ஒரு தொகுப்புல வந்த பாட்டு, டி.ஆர்.ஐ., பட்ஹோல் சர்ஃபர்ஸ் எல்லாம் இருந்த தொகுப்பு அது. மெட்டல்காரங்க பக்கத்துல இவங்களுக்குன்னு ஒரு இடம் இல்லாதப்ப பங்க்காரங்க கொஞ்சம் நகந்து உக்காந்து இடம் கொடுத்திருக்காங்க.

இப்ப அந்த பேருக்கு வரேன், இந்த லெட்டர் எழுத உக்காந்ததே அதுக்காகத்தான். "எனர்ஜெட்டிக் டிஸ்அசெம்பிளி"ங்கறது பேண்ட் பிரியறதும் இல்ல, உற்சாகமும் இல்ல. 1979 மார்ச் 28ல பென்சில்வேனியால த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துல ரெண்டாவது உலை பாதி உருகி போச்சு. அந்த சமயத்துல அணு உலை கம்பெனிக்காரங்க புழங்குன பாஷை ஒண்ணு இருக்கு, அதுல தீ புடிச்சா தீன்னு சொல்ல மாட்டாங்க, "வேகமான ஆக்சிஜனேற்றம்". வெடிச்சா வெடிப்புன்னு சொல்ல மாட்டாங்க, "எனர்ஜெட்டிக் டிஸ்அசெம்பிளி", அதாவது பாகம் பாகமா பலமா கழண்டு போறதாம். கேக்கறவன் பயந்துடக் கூடாதுன்னு செஞ்ச வார்த்தை. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்கள் சங்கம் உண்மைய மறைக்கற பேச்சுக்குன்னு கண்டனமா ஒரு விருது கொடுத்துகிட்டு இருந்துச்சு, 1979ல அத அணுமின் தொழிலுக்குத்தான் கொடுத்தாங்க. அந்த வார்த்தைய எடுத்து அட்டைல பேரா போட்டு, உள்ள "மெல்ட்டவுன்"னு (உலை உருகி போறதுக்கு சொல்ற வார்த்தை) ஒரு பாட்டும் வச்சு, ஆஸ்டின்ல நாலு சின்ன பசங்க சொந்தக்காசுல ரெக்கார்ட் போட்டாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல்ல சோவியத் யூனியன்ல செர்னோபில் அணு உலை வெடிச்சுது.

இதுக்கப்பறம் நடந்ததையும் சுருக்கமா சொல்லிடறேன். மெக்மாஸ்டர் டேஞ்சரஸ் டாய்ஸ் பேண்டுக்கு போயிட்டாரு, பில்லி வைட் விலகி பின்னாடி டான் டாக்கன்ங்கற பாடகரோட 1990 ஆல்பத்துல வாசிச்சாரு, அவர் இடத்துக்கு ரான் ஜார்ஸோம்பெக்கும், பாட ஆலன் டெக்கியோவும் வந்தாங்க, 1989ல நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் மூலமா "கன்ட்ரோல் அண்ட் ரெசிஸ்டன்ஸ்" வந்துச்சு. வாட்ச்டவர்னா தெரிஞ்சவங்க கூட அந்த ரெண்டாவதத்தான் சொல்லுவாங்க, சவுண்டும் அதுல நல்லா இருக்கும். முதல் ஆல்பத்த தேடி கேட்டவங்க அவ்ளோவா கிடையாது, கேட்டவங்கள்ல நெறைய பேர் வாசிக்கறவங்க, அந்த வித்தை அவங்க கை வழியா அடுத்தடுத்த பேண்டுகளுக்கு போச்சு.

அதனால ஆசிரியர் அவர்கள்ட்ட ஒரு கோரிக்கை. அடுத்த ஞாயிறு இணைப்புல சின்னதா ஒரு திருத்தம் போடுங்க. வருஷம் 1985, ஊர் ஆஸ்டின். ஆல்பம் பேர தமிழ்ல சொல்லணும்னா, ஒரு கம்பெனி சொல்ல மறுத்த அந்த வார்த்தைய நம்ம பேப்பராவது அச்சுல போடட்டும், வெடிப்புன்னே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திருச்சி