பாயிண்ட் மட்டும் போதாது

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறையினருக்கும் வணக்கம்.

நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தி, அதைப் பாறையும் நீரும் எவ்வளவு தடுக்கின்றன என்று கருவியால் அளப்பது) என்றாலே போர் (ஆழ்துளைக் கிணறு) போட ஒரு பாயிண்ட் குறித்துக் கொடுப்பது என்றாகிவிட்டது. எங்கே போடக்கூடாது, மழைத் தண்ணீரை எங்கே இறக்கலாம் என்பதற்கும் அதே கருவி உதவும். ஊர் ஊராக அந்த வரைபடத்தைத் தயாரியுங்கள் என்று கேட்கிறோம்.

நம் பாறைக்காட்டில் தண்ணீர் நிற்பது சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும்தான். நீர் பிடித்த சிதைந்த பாறை பெரும்பாலும் 150 ஓம்-மீட்டருக்குள் (மின்தடையை அளக்கும் அலகு) காட்டும். இறுகிய பாறை ஆயிரத்தைத் தாண்டும். ஓரிடத்தில் மட்டும் மின்னோட்டம் செலுத்தி அளக்கும் நான்கு உலோக முளைகளை அடித்து அளந்தால் அடுக்குகளின் கனம் தெரியும், செங்குத்து வெடிப்பு தப்பிவிடும். வெடிப்பு ஓடும் திசைக்குக் குறுக்கே 10 மீட்டருக்கு ஓர் அளவு எடுத்தால்தான் அது பிடிபடும். 100 மீட்டர் ஆழம் பார்க்க வெளிமுளைகளுக்கு இடையே சுமார் 400 மீட்டர் நேர்கோடு வேண்டும். வாழைத்தோப்புக்குள் 60 மீட்டர் கம்பி இழுத்துவிட்டு '600 அடியில் ஊற்று' என்று எழுதித் தரும் அறிக்கையை ஏற்காதீர்கள். காய்ந்த செம்மண்ணில் முளையடியில் உப்புத் தண்ணீர் ஊற்றாவிட்டால் மின்னோட்டம் சரியாக இறங்காது. பக்கத்தில் கம்பிவேலியோ புதைத்த இரும்புக் குழாயோ இருந்தாலும் அளவு கெடும்.

உவரிக் கரையில் சிக்கல் வேறு. 5 ஓம்-மீட்டருக்குக் கீழே வந்தால் உப்புநீராகவும் இருக்கலாம், களியாகவும் இருக்கலாம். அக்கம்பக்கத்துக் கிணற்று நீரின் உப்பளவைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. கடலோர மணலில் நன்னீர் மட்டம் நிரந்தரமாக 1 மீட்டர் தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் சுமார் 40 மீட்டர் மேலேறும். அங்கே போரை ஆழப்படுத்துவது தோட்டத்தையே கெடுக்கும்.

திசையன்விளை அருகே ஆயன்குளம் கிணறு மழை வெள்ளத்தை நிரம்பாமல் உள்வாங்கியதற்கு அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையே காரணம். அதைப் பார்த்துக் கண்ட இடத்தில் கிணறு வெட்டி வெள்ளத்தைத் திருப்பினால், இறுகிய பாறையில் சகதிதான் மிஞ்சும்.

இறைப்புக் கணக்கும் வேண்டும். விநாடிக்கு 3 லிட்டர் தரும் போரை 6 மணி நேரம் ஓட்டினால் 64,800 லிட்டர். ஓர் ஏக்கர் வாழைக்கு 50 மில்லிமீட்டர் பாய்ச்ச இரண்டு லட்சம் லிட்டர், அதாவது மூன்று நாளுக்கு மேல். சொட்டுநீர் இல்லாமல் வாழை வைக்க இவ்வளவே தண்ணீர் கிடைக்கும் இடத்தில் போர் அனுமதி தரலாமா என்பதை இந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.

தண்ணீர் வராத போர் உட்பட ஒவ்வொன்றின் ஆழம், கேசிங் நீளம், ஊற்று வந்த அடி, உப்பளவு ஆகியவை கிராமப் பதிவேட்டில் ஏற வேண்டும். முதல் அளவு மே மாதத்தில். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் அதே முளையடிகளில் மறு அளவு.

இப்படிக்கு,
ராதாபுரம் வட்டார நிலத்தடி நீர் ஆய்வாளர்கள்