நரம்பு வளர்ச்சிக் காரணியும் குடிநோயும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேதுராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் விரைவிலேயே மீண்டும் குடிப்பதற்கு மனவுறுதி போதாமையே காரணம் என்று எழுதியிருந்தாய். அதை முழுதாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. உடலுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

இத்தாலிய நரம்பியல் ஆய்வாளர் ரீட்டா லெவி-மொண்டால்சினியை உனக்கு நினைவிருக்கும். யூதர் என்பதால் பல்கலைக்கழகப் பணியை இழந்து, போர்க்காலத்து டூரினில் தம் படுக்கையறையிலேயே கோழிக்கருக்களை ஆராய்ந்தவர். நரம்பு செல்களை வளரச் செய்யும் புரதமான நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக ஸ்டான்லி கோஹனுடன் 1986-இல் நோபல் பரிசு பெற்றவர். நாம் படித்த பாடம் நரம்போடு நின்றுவிட்டது. ஆனால் அவரும் சக ஆய்வாளர் லூயிஜி அலோவும் 1977-இலேயே, பிறந்த எலிக்குட்டிகளுக்கு இப்புரதத்தைச் செலுத்தியபோது, அழற்சியைத் தூண்டும் நோயெதிர்ப்புச் செல்களான மாஸ்ட் செல்கள் திசுக்களில் பெருகுவதைக் கண்டிருந்தனர். நரம்பும் நோயெதிர்ப்பும் ஒரே புரதத்துக்குச் செவிசாய்க்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பின்னாளில் அலோ குழுவினர் குடிநோயாளிகளின் குருதியிலும் அதை அளந்தார்கள். ஆனால் ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் மாறுவதால், அந்த அளவை வைத்து ஒருவரின் நிலையைக் கணிப்பதற்கில்லை.

எனக்கு வலுவாகப் படுவது குடல் வழியாக வரும் சான்றுதான். தொடர்ந்த குடி குடற்சுவரைத் தளர்த்துவதால் பாக்டீரியா நச்சுப்பொருள்கள் குருதியில் கசிந்து, கல்லீரலிலும் மூளையிலும் அழற்சியைக் கிளப்புகின்றன. பெல்ஜிய ஆய்வர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குடற்கசிவு மிகுந்திருந்தவர்களுக்கு, மூன்று வாரம் மதுவைத் தொடாமல் இருந்த பிறகும் மனச்சோர்வும் பதற்றமும் குடிவேட்கையும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. அவர்களைப் பார்த்து மனவுறுதி இல்லை என்று சொல்வது எவ்வளவு நியாயம்?

இன்னொரு செய்தி. நரம்பு வளர்ச்சிக் காரணிக்குத் தூரத்து உறவான ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தின் மரபணுவை, தீங்கற்ற வைரஸில் ஏற்றி, குடிக்குப் பழகிய ரீசஸ் குரங்குகளின் நடுமூளையில் அமெரிக்க ஆய்வர்கள் செலுத்தினர். 2023-இல் வெளியான முடிவின்படி, அவற்றின் குடி 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆனால் சோதிக்கப்பட்டவை ஒரு சில குரங்குகளே. மண்டையைத் துளைக்கும் சிகிச்சைக்கு உன் மையத்தில் யார் கையெழுத்திடுவார்கள் என்பதும் கேள்விதான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மூன்றாம் வார முடிவில் உறக்கம், மனச்சோர்வு, வேட்கை ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து வைக்கிறீர்களா? அப்படியானால், திரும்பக் குடிக்கிறவர்களின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
வேலாயுதம்