டேட்டாவுக்கே முதலிடம்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய பட்டியலை ஆற அமரப் படித்தேன். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர்களிலும் படங்களிலும் மறக்க முடியாத பத்துக் கட்டங்கள். முதலிடம், போர்க் என்ற அந்த இயந்திரக் கூட்டம் வரும் இடத்துக்கு. எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் பிக்கார்டைப் பிடித்துப் பாதி இயந்திரமாக்கி, 'நான் லோக்யூட்டஸ்' என்று அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள். அவருக்கு அடுத்த அதிகாரி ரைக்கர் 'சுடு' என்கிறார், சீசன் முடிந்துபோகிறது. 1990 ஜூனில் அதைப் பார்த்தவர்கள் மீதியைப் பார்க்கச் செப்டம்பர் வரை காத்துக் கிடந்தார்கள். அருமையான இடம்தான், மறுக்கவில்லை. இரண்டாவதாக, அதே இயந்திரக் கூட்டத்தோடு நடந்த வோல்ஃப் 359 போர். மூன்றாவதாக, முதல் தொடரின் நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் சாவு. அதற்குக் கீழே பார்த்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு கப்பல் வெடிக்கிறது.

முதலில் வோல்ஃப் 359ஐப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ ரசித்த எபிசோடில் அந்தப் போரே கிடையாது. எண்டர்பிரைஸ் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து, உடைந்த கப்பல்கள் இருட்டில் மிதந்துகொண்டிருக்கும். 39 கப்பல்கள், ஏறக்குறைய 11,000 உயிர்கள். போரை நேரில் காட்டியது 1993இல் வந்த டீப் ஸ்பேஸ் நைன் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் எபிசோடு. அதன் நாயகன் சிஸ்கோ தன் மனைவியை அங்கேதான் இழக்கிறார். எனக்கு அந்த மிதக்கும் இடிபாடுகளைப் பார்ப்பதுதான் போரைப் பார்ப்பதைவிடக் கனமாக இருந்தது. உன் பட்டியலில் அதை வைத்துக்கொள், ஆனால் சரியான எபிசோடோடு வை.

இப்போது என் வரிசைக்கு வருகிறேன். நீ மதுரையில் இருந்து பார்க்கிறாய், நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருந்து பார்க்கிறேன். ஊர் மாறினால் எந்தக் கட்டம் நெஞ்சில் தைக்கிறது என்பதும் மாறுகிறது. இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பே 1976 ஜனவரியில்தான் தொடங்கியது. முதல் ஸ்டார் ட்ரெக் அமெரிக்காவில் 1966இல் தொடங்கி 1969இல் முடிந்தபோது இங்கே யார் வீட்டிலும் டிவி இல்லை. மனிதன் நிலாவில் இறங்கியதைக்கூட இங்கே வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்க்க வழியில்லை. அந்தக் காலத்தில் இங்கே என்ன சட்டம் இருந்தது, யாரை மனிதர் என்று எண்ணினார்கள், யாரை எண்ணவில்லை என்பது தெரிந்த பிறகு, நான் வெடிகளைத் தேடிப் போகவில்லை. ஒருவரை 'நீ ஆள் இல்லை, சாமான்' என்று சொல்லும்போது அவரோ அவர் பக்கத்தில் நிற்பவரோ 'இல்லை' என்று சொல்லும் இடங்களைத்தான் தேடிப் போனேன்.

அதனால் என் முதலிடம் 1989 பிப்ரவரியில் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்'. டேட்டா வழக்கு. டேட்டா எண்டர்பிரைஸில் அதிகாரியாக இருக்கும் மனித உருவ இயந்திரம். எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வக்கீலாக வேலை பார்த்தவர். வழக்கு நடக்கும் விதத்திலேயே அது தெரியும்.

கதை உனக்குத் தெரியும். புரூஸ் மேடாக்ஸ் என்ற விஞ்ஞானி டேட்டாவைப் பிரித்துப் பார்க்க உத்தரவோடு வருகிறான். டேட்டா மறுக்கிறான். மறுத்தும் பயனில்லை என்றதும் வேலையை ராஜினாமா செய்கிறான். அதுவும் செல்லாது என்கிறான் மேடாக்ஸ். கப்பலின் கம்ப்யூட்டர் ராஜினாமா செய்ய முடியுமா, டேட்டா ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையின் சொத்து, சொத்துக்கு விலகும் உரிமை ஏது என்பது அவன் வாதம். ஆள் போதாத தளம் என்பதால் அரசுத் தரப்பில் வாதாட ரைக்கரையே உட்காரவைக்கிறார்கள். அவர் மறுத்தால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிவிடுவேன் என்கிறார் நீதிபதி லூவா.

இங்கே ஒரு சின்ன இடம். வழக்குக்குத் தயாராகும் ரைக்கர், டேட்டாவின் வரைபடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு பாகம் கண்ணில் படும். டேட்டாவை அணைக்கும் ஸ்விட்ச் இருக்கும் இடம் அது. ஜெயித்துவிட்டோம் என்று முகத்தில் சிரிப்பு வரும். அடுத்த நொடியே அந்தச் சிரிப்பு செத்துப்போகும். வசனமே இல்லை. நண்பனைக் கொல்லும் வழி கிடைத்ததற்கா சந்தோஷப்பட்டேன் என்பது அந்த முகத்தில் அப்படியே வந்துபோகும். ரைக்கராக ஜோனதன் ஃப்ரேக்ஸ் இத்தனை வருடம் நடித்ததில் எனக்கு அதற்கு மேல் ஒன்று தோன்றவில்லை.

பிறகு விசாரணை. உன் நினைவுக் கொள்ளளவு எவ்வளவு என்று ரைக்கர் கேட்க, டேட்டா சொல்கிறான்: 800 குவாட்ரில்லியன் பிட். வேகம் நொடிக்கு 60 ட்ரில்லியன் கணக்குகள். இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டச் சொல்கிறார், வளைக்கிறான். கையைக் கழற்றி மேசையில் வைக்கிறார். கடைசியில் முதுகுப்பக்கம் ஸ்விட்சை அழுத்த, டேட்டா மேசைமேல் சரிகிறான்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டர்பன் கப்பல் பட்டியல்கள் நினைவுக்கு வரும். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் மதராஸில் இருந்து 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் நம்ம பக்கத்து ஜனங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் எங்கே தழும்பு என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். இன்றைக்கும் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருப்பவர்கள் தங்கள் பாட்டன் பூட்டனைத் தேடிப் போனால் அந்த எண்ணில் இருந்துதான் தொடங்க வேண்டும். கொள்ளளவு இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று டேட்டா சொல்லும்போது எனக்கு அந்த உயரமும் தழும்பும்தான் காதில் விழுகின்றன.

ராஜினாமா செல்லாது என்பதும் இங்கே நடந்த கதைதான். ஒப்பந்தக் கூலி எஜமானரை விட்டுப் போனால் அது கிரிமினல் குற்றம், சிறை. 1894இல் டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு பாலசுந்தரம் என்ற தமிழர் வந்து நின்றதை காந்தியே எழுதியிருக்கிறார். எஜமானர் அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் ஒப்பந்தக் கூலி அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டாராம், முகத்தில் சந்தோஷம் தெரிந்ததாம். டாக்டர் சான்றிதழ், மாஜிஸ்திரேட் எல்லாம் பார்த்த பிறகு கிடைத்தது என்ன தெரியுமா? விடுதலை இல்லை. ஒப்பந்தம் வேறு ஒரு எஜமானருக்கு மாற்றப்பட்டது, அவ்வளவுதான். சட்டம் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை.

டேட்டாவுக்குக் கிடைத்த தீர்ப்பு பாலசுந்தரத்துக்குக் கிடைக்கவில்லை. இடைவேளையில், டேட்டாவுக்காக வாதாடும் பிக்கார்டு தோற்றுவிடுவோம் என்று நொந்துபோய் இருக்கும்போது, கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கைனன் ஒரு பேச்சை எடுப்பாள். எல்லா உலகத்திலும் அழுக்கு வேலை செய்ய, தூக்கியெறியத் தக்க ஜீவன்கள் இருந்திருக்கிறார்கள் என்பாள். கைனனாக நடிக்கும் ஊப்பி கோல்ட்பர்க் குரலை உயர்த்தவே மாட்டார். அடிமைத்தனம் என்ற சொல்லை அவர் சொல்வதில்லை, பிக்கார்டே கண்டுபிடித்துச் சொல்வார். அந்த வாதத்தோடு அவர் உள்ளே போன பிறகுதான் வழக்கு திரும்புகிறது. டேட்டாவுக்கு ஆத்மா உண்டா, எனக்குத் தெரியாது, எனக்கு உண்டா என்றும் தெரியாது, ஆனால் அதைத் தேடிப் பார்க்கும் சுதந்திரம் அவனுக்கு வேண்டும் என்று லூவா முடிப்பார். இதற்கு முன்னால் எந்தக் கப்பல் வெடித்தாலும் எனக்குச் சத்தம் கேட்பதில்லை.

இரண்டாமிடம், பிக்கார்டும் நான்கு விளக்குகளும். 1992 டிசம்பரில் வந்தது. கார்டாஸியர் என்ற எதிரி இனத்து அதிகாரி மேட்ரெட் அவரைக் கட்டிவைத்து வதைத்து, எதிரே எரியும் விளக்கு ஐந்து என்று சொல்லச் சொல்வான். இருப்பது நான்கு. கடைசியில் 'நான்கு விளக்குகள்!' என்று அவர் கத்துவதை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதற்குப் பிறகு வரும் இடம்தான். கப்பலுக்குத் திரும்பியதும் கவுன்சிலர் ட்ராயிடம் தணிந்த குரலில் சொல்வார், கடைசி நேரத்தில் எனக்கு ஐந்து விளக்குகள் தெரிந்தன என்று. வீரம் என்றால் சும்மா கத்திவிட்டு வருவது இல்லை, உள்ளே உடைந்தது உடைந்ததுதான் என்று அந்த எபிசோடு ஒளிக்காமல் காட்டுகிறது. இந்த நாட்டில் விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். அகமது திமோல் என்ற ஆசிரியர் 1971 அக்டோபரில் ஜோஹன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியில் இருந்து விழுந்து செத்தார். தானே குதித்தார் என்றது போலீஸ். ஆமாம் என்றது 1972 விசாரணை. ஐந்து என்று சொல் என்றார்கள், குடும்பம் நான்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 2017இல் உயர் நீதிமன்றம் அது கொலை என்று தீர்ப்பளித்தது.

மூன்றாவது, டீப் ஸ்பேஸ் நைனில் 1998இல் வந்த 'ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்'. 1953 நியூயார்க்கில் பென்னி ரஸல் என்ற கறுப்பின எழுத்தாளர், விண்வெளி நிலையத்துக்குக் கறுப்பினத் தலைவர் ஒருவரை வைத்துக் கதை எழுதுகிறார். அந்தக் கதை வெளிவரக் கூடாது என்று பத்திரிகை முதலாளி அந்த மாத இதழ் முழுவதையுமே கூழாக்கிவிடுகிறார். ஏவரி புரூக்ஸ் தானே இயக்கி, தானே நடித்து, ஆசிரியர் அறையில் உடைந்து அழும் அந்தக் காட்சியைச் சிலர் மிகை நடிப்பு என்கிறார்கள். ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எழுதியதைக் கூழாக்கலாம், எண்ணத்தை அழிக்க முடியாது என்று அலறும் மனிதன் அடக்கமாகவா அலறுவான்? இங்கே அரசு தடைவிதித்தவர்களின் ஒரு வாக்கியத்தைக்கூடப் பத்திரிகையில் மேற்கோள் காட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது.

பலரும் முதலிடத்தில் வைக்கும் அந்த முத்தம் என் வரிசையில் கீழேதான் இருக்கிறது. 1968 நவம்பர் 22, முதல் தொடரின் வெள்ளைக்காரக் கேப்டன் கர்க்கும் கறுப்பின அதிகாரி உஹூராவும். இங்கே வெள்ளையரும் மற்றவரும் கல்யாணம் செய்யக் கூடாது என்ற 1949 சட்டம் 1985 வரை உயிரோடு இருந்தது, ஆகவே அதன் கனம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கதையில் அவர்கள் விரும்பி முத்தமிடவில்லை, வேற்றுக்கிரகத்தார் மனசக்தியால் பொம்மைபோல் ஆட்டிவைக்கிறார்கள். உஹூராவின் உண்மையான பெரிய கணம் திரைக்கு வெளியே நடந்தது. முதல் சீசன் முடிந்து, உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் விலக நினைத்தபோது, மார்ட்டின் லூதர் கிங் அவரைப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இருந்தார். அவரைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் விண்வெளிக்கே போனார்.

முகம் பாதி கறுப்பு பாதி வெள்ளையாக இரண்டு பேர் துரத்திக்கொள்ளும் 1969 எபிசோடைப் பச்சைப் பிரசாரம் என்று நீ ஒதுக்கியிருக்கிறாய். அவனுக்கு வலப்பக்கம் வெள்ளை, எனக்கு வலப்பக்கம் கறுப்பு, அது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அவர்களில் ஒருவனான பீல் கேட்பது உனக்குக் குழந்தைத்தனமாக இருக்கிறது. இங்கே தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, அது நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்து ஒருவர் எந்த இனம் என்று எழுதினார்கள். அந்தக் கதையில் மிகை எதுவும் இல்லை.

நான்காவதாக, இந்த 'இல்லை' கணக்குக்குள் வராத ஒன்றையும் விட முடியவில்லை. 1992 ஜூனில் வந்த 'தி இன்னர் லைட்'. பிக்கார்டு 25 நிமிடம் மயங்கிக் கிடக்கிறார், அதற்குள் ஆயிரம் வருடம் முன்னால் அழிந்த ஒரு ஊரில் கல்யாணம், பிள்ளைகள், முதுமை என்று ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்துவிடுகிறார். எழுந்ததும் அந்த ஊர்ப் புல்லாங்குழல் ஒன்றுதான் மிச்சம். எடுத்து வாசிக்கிறார், விரல்களுக்குப் பாட்டு தெரிந்திருக்கிறது. இங்கே கோயிலில் வெள்ளிக்கிழமை என் பக்கத்தில் உட்காரும் ஆயா ஒருவர் தேவாரத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய நோட்டைப் பிரித்துவைத்துப் பாடுவார். தமிழில் ஒரு பேச்சு பேச வராது. பண் மட்டும் கொஞ்சமும் பிசகாது. நோட்டின் ஓரங்கள் எண்ணெய்க் கையில் பழுத்து மெல்லிசாகிவிட்டன.

ஸ்பாக்கின் சாவை உனக்காக ஐந்தாவதாக வைக்கிறேன். 1982 படத்தில் இறந்தவர் 1984 படத்தில் எழுந்துவந்துவிட்டார், அதனால் மேலே தூக்க மனம் வரவில்லை. ஆனால் கண் தெரியாத நிலையிலும் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு கர்க்கைப் பார்க்க நடந்து, கண்ணாடியில் மோதி நிற்பாரே, அந்த ஒரு அசைவுக்கு நான் இன்னும் அழுகிறேன்.

உன் அப்பாவிடம் சொல்லிப் பெரிய டிவியில் டேட்டா வழக்கைத் திரும்பப் பார். பிளூரேயில் நீண்ட பதிப்பு ஒன்று இருக்கிறது, கிடைத்தால் அதையே பார். பார்த்துவிட்டு லோக்யூட்டஸை எங்கே வைக்கிறாய் என்று எழுது. முதலிடத்திலேயே வைப்பதானால் காரணத்தையும் விரிவாக எழுது, நானும் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அத்தை
டர்பன்